பேரா மண்ணும் புதையல் ஆசையும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால், புதையல் கதை ஒன்றாவது வைத்திருப்பார்கள். பழைய கிராணி வீட்டின் பின்புறம், கோயில் ஆலமரத்தடி, ஆற்றோரத்துப் பாறை என்று இடம் மாறும். ஜப்பான்காரன் ஓடும்போது புதைத்துவிட்டுப் போன தங்கக்கட்டி மட்டும் மாறாது. பூதம் காவல் இருக்கிறது, சேவல் அறுக்க வேண்டும் என்பதும் கூடவே வரும். அந்தக் காலத்தில் கடப்பாரையோடு இருட்டில் போனார்கள். இன்று உலோகங்காட்டும் கருவியோடு விடுமுறை நாளில் போகிறார்கள். பலருக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

பேராவில் மண்ணுக்குள் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்திலிருந்து எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேஸ்வரர் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. ஈப்போவை அடுத்த பெங்காலானிலும் புத்தர் சிலை கிடைத்தது. 1962இல் சுங்கை சிப்புட் பக்கம் ஜாலோங்கில் கிடைத்த வெண்கல உருவம் அந்தணர் கோலத்தில் நிற்கிறது. அது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அகத்தியராக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. கடலோரத்துக் கோலா செலின்சிங்கில் விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த முத்திரைக் கல் கிடைத்தது. எழுத்து பல்லவர் கால எழுத்து.

சுரங்கத்தில் வந்த சிலைகளை யாரும் தேடிப் போகவில்லை. ஈயத்துக்காகத் தோண்டும்போது தற்செயலாக வந்தவை அவை. தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைக்கும் வேலையில், எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரமெல்லாம் சேற்றோடு போய்விட்டது. அதனால்தான் சிலையின் வடிவத்தைப் பார்த்துக் காலத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. கருவியும் மண்வெட்டியும் கொண்டு அவசரமாகத் தோண்டுகிறவரும் இதே கெடுதலைத்தான் செய்கிறார், சிறிய அளவில்.

ஜப்பான்காரன் தங்கத்துக்கு வருவோம். ஜெனரல் யமாஷிதா 1942லேயே மலாயாவை விட்டு மஞ்சூரியாவுக்கு மாற்றப்பட்டார். 1944இல் பிலிப்பைன்ஸ் சென்று, 1945இல் அங்கேயே சரணடைந்தார். அவர் பெயரில் உலவும் புதையல் கதைக்கு ஊர் பிலிப்பைன்ஸ். அதைப் பேராவுக்கு இழுத்து வந்தது நம்முடைய ஆசைதான். ஜப்பானியர் இங்கே தாராளமாக விட்டுச் சென்றது வாழைமரம் அச்சடித்த நோட்டுகளை. 1945இல் அவை வெறும் காகிதமாயின. கம்பார் பக்கம் தோண்டுகிறவர் இன்னொன்றையும் நினைவில் வைப்பது நல்லது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை அங்கே கடும் சண்டை நடந்தது. கருவி கத்துவது பொன்னுக்காகத்தான் என்று நம்பி மண்வெட்டியைப் போட்டால், அடியில் வெடிக்காத குண்டு இருக்கலாம்.

சட்டமும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை நீக்கி, 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. கிடைத்ததை மாவட்ட அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டக்கூடாது. கைவிடப்பட்டது போலத் தெரியும் தோட்டத்துக்கும் உரிமையாளர் இருக்கிறார்.

பழைய தோட்டங்களில் கருவிக்குச் சிக்குவது பெரும்பாலும் பால்மரத்தில் அடித்த தகரத் துண்டு, மங்கு தாங்கிய கம்பி, துருப்பிடித்த ஆணி. அதிர்ஷ்டம் இருந்தால் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சதுரமான ஒரு காசு. விலைக்குப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணுமா என்பது சந்தேகம். ஆனால் அதே காசு லயத்து வீட்டு அடுப்படியிலா, கள்ளுக்கடை வாசலிலா, கோயில் உண்டியல் இருந்த இடத்திலா கிடைத்தது என்று குறித்து வைத்தால், எழுதப்படாத ஒரு தோட்டத்தின் வரைபடம் தொடங்கிவிடும்.

போர்க்காலத்தில் நகையையும் வெள்ளிக்காசையும் மண்ணுக்குள் ஒளித்தவர்கள் இருந்தார்கள். சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஒளித்த இடத்தைச் சொல்லாமலே போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அந்த லயங்கள் நின்ற பல இடங்களில் இப்போது செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. எந்த லயத்தில் யார் குடியிருந்தார் என்று காட்டக்கூடியவர்கள் சிலரே. 1941இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது.