பைபாஸ் – கழுத்துத் தமனி இணை அறுவை சிகிச்சை

இதய பைபாஸையும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவை அகற்றும் அறுவையையும் ஒரே மயக்கத்தில் செய்யும் முறை. இம்முறை பற்றிய முதல் அறிக்கை அமெரிக்காவில் 1972-இல் வெளியானது. இந்தியாவின் முதல் பைபாஸை 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார்.

சிக்கல் இருபக்கமும் உண்டு. கழுத்தை முதலில் சரிசெய்தால் மாரடைப்பு வரலாம். இதயத்தை முதலில் தொட்டால் பக்கவாதம் வரலாம். இணைத்துச் செய்யும்போது பெரும்பாலும் கழுத்தில்தான் தொடங்குவார்கள். தமனியைக் கவ்விகளால் அடைத்து, நீளவாக்கில் கீறி, மஞ்சள் படிவை உரித்தெடுத்து, ஒட்டுத்துண்டு வைத்துத் தைப்பார்கள். பிறகே நெஞ்சு திறக்கப்படும். பக்கவாதம், மாரடைப்பு, மரணம் தவிர, கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சு திணறலாம். நரம்பு அடிபட்டுக் குரல் கம்மலாம்.

பைபாஸுக்குப் பின் வரும் பக்கவாதம் பலவும் பெருந்தமனியிலிருந்து உதிரும் துணுக்குகளால் வருவது. கழுத்தைச் சுத்தம் செய்வதால் அது நிற்காது. அறிகுறியற்ற கடும் கழுத்துத் தமனி அடைப்புள்ளவர்களிடம் நடந்த ஜெர்மானிய ஆய்வில் (2017), 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் இணை அறுவையில் 18.5%, பைபாஸ் மட்டும் செய்தவர்களில் 9.7%. ஆய்வு பாதியில் நின்றதால் இவ்வேறுபாடு உறுதியானதல்ல. ஆனாலும் இணை அறுவைக்குச் சாதகமாக எதுவும் தெரியவில்லை.

அறிகுறி இருந்தவர்களின் நிலை வேறு. அதனால் பைபாஸுக்குப் போகிறவர், தமக்குக் கடந்த 6 மாதத்தில் கை மரத்ததோ பேச்சு குழறியதோ உண்டென்றால், சில நிமிடங்களில் சரியாகியிருந்தாலும், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.