பதினொரு மணிக்கூடுகள்: குடிபூரலுக்கு என்ன கொண்டுபோகலாம்?

மயிலிட்டியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் வீட்டுக் குடிபூரலுக்கு நான் கொண்டுபோனது ஒரு சுவர் மணிக்கூடு. பஸ் வெளிக்கிடும் அவசரத்தில் யாழ்ப்பாண நகரில் வாங்கினேன். இரண்டு கிழமை கழித்து மீண்டும் போனபோது அறை மூலையில் மணிக்கூட்டுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தேன். என்னுடையதோடு பதினொன்று. “எங்க தம்பி கொழுவிறது? அறையே ரெண்டுதான்” என்று அக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் அது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 27 வருடங்களின் பின் 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. திரும்பிப் போனபோது காணியில் இருந்தது பற்றைதான். வீட்டுத்திட்டப் பணம் கூரையோடு முடிந்துவிட்டது. மிச்ச வேலைக்கு நகை அடகும் நுண்கடனும். குடிபூரல் அன்று கிணற்றுக்கு ஒரு வாளி, மலசலகூடத்துக்கு ஒரு வாளி என்று இரண்டையும் பக்கத்து வீட்டில்தான் இரவல் வாங்கினார்கள். அந்த நேரம் மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

போருக்குப் பின் வடக்கு, கிழக்கில் கட்டப்பட்ட பல வீடுகளின் நிலை இதுதான். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. கையில் இருந்ததைப் போட்டோ கடன் பட்டோதான் பலர் வீட்டை முடித்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பின் சீமெந்து விற்ற விலையில் சொந்தக் காசில் கட்டியவர்களும் திணறிப்போனார்கள். எனவே பணம் முடியும் கட்டத்தில் எந்தச் சாமான் விடுபட்டுப் போகிறதோ, அதுவே நல்ல அன்பளிப்பு: வாளியும் கயிறும், திருவலை, நுளம்பு வலை, மண்வெட்டி, நல்ல பாய், கதவுக்கு ஒரு பூட்டு. இவற்றைப் பளபளக்கும் தாளில் சுற்றுவது கடினம்தான். சுற்றாமலே கொடுக்கலாம்.

கேட்டுவிட்டு வாங்குவது இன்னும் நல்லது. ஆனால் “என்ன வேணும்?” என்று கேட்டால் “ஒண்டும் வேண்டாம், நீங்கள் வந்தாலே காணும்” என்ற பதில்தான் வரும். “திருவலை வாங்கிட்டீங்களோ?” என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரரின் தங்கையிடமோ பிள்ளைகளிடமோ விசாரித்தால் உண்மை சீக்கிரம் வெளிவரும்.

காசு கொடுப்பதென்றால், நாளைப் பற்றி யோசியுங்கள். விழாவன்று என்வலப்பில் வைக்கும் ஐயாயிரத்தை விட, அதற்கு முதல் கிழமை வயரிங் வேலைக்காரருக்குக் கூலி கொடுக்க முடியாமல் நிற்கும்போது கையில் கொடுக்கும் ஐயாயிரம் பெறுமதியானது. தொகையும் முக்கியம். பல வீடுகளில் யார் எவ்வளவு தந்தார்கள் என்று கொப்பியில் எழுதி வைப்பார்கள், ஒரு நாள் திருப்பிச் செய்யவேண்டுமே. வசதியான உறவினர் வைக்கும் பெரிய தொகை, ஏற்கெனவே கடனில் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு கடன். கொப்பியில் ஏறாத உதவிகளும் உண்டு. அக்காவின் கிணறு பல வருடம் பாவிக்கப்படாமல் கிடந்தது. அயலில் இருந்த நான்கு பெடியங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டரைக் கொண்டுவந்து தண்ணீரை முழுதாக இறைத்து, சேறும் குப்பையும் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய அன்பளிப்பு அதுதான் என்று அக்கா இன்றும் சொல்வார்.

காணி உள்ளவர்களுக்குக் கன்று கொடுக்கலாம். தென்னம்பிள்ளை, ஒட்டுக் கறுத்தக்கொழும்பான், கறிவேப்பிலை எதுவும் நல்லது. மார்கழியும் ஆடியும் தவிர்க்கப்படுவதால் தை பிறந்ததும் குடிபூரல்கள் குவியும். ஆனால் அப்போது மாரி முடிகிற காலம். தையில் வைக்கும் கன்றுக்கு அடுத்த ஐப்பசி மழை வரை ஆள் தண்ணீர் ஊற்றவேண்டும். கன்றை உங்கள் வீட்டிலேயே வளர்த்து, மழை தொடங்கியதும் கொண்டுபோய் நீங்களே கிடங்கு வெட்டி நட்டுக் கொடுங்கள். உடனே பலன் வேண்டுமென்றால் ஒரு முருங்கைத் தடி போதும், ஒரு வருடத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். முற்றத்தில் முருங்கை ஆகாது என்பவர்கள் வேலியோரம் நடட்டும்.

சுவாமி படமும் குத்துவிளக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சைவ வீடாக இருந்தாலும் விளக்கைப் பெரும்பாலும் தாய் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள், கேட்காமல் வாங்கவேண்டாம். 1990இல் வெளியேற்றப்பட்டு, மீண்டும் சோனகதெருவில் வீடு கட்டியிருக்கும் முஸ்லிம் நண்பரிடம் போகும்போது பழங்களோ பேரீச்சம்பழமோ பாத்திரமோ கொண்டுபோகலாம். நம் வீட்டில் சமைத்த இறைச்சிக்கறியைக் கொடுத்து அவரைச் சங்கடத்தில் மாட்டவேண்டாம்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் புதிதாக வந்திருக்கும் அயலவருக்குக் கன்று வைக்க நிலமில்லை. சாமான் ஏற்றி இறக்கிக் களைத்திருக்கும் முதல் இரவில் சாப்பாடு கொண்டுபோங்கள். கேஸ் கடை, குழாய் வேலைக்காரர், குப்பை எடுக்க வரும் நாள் இவற்றை ஒரு துண்டில் எழுதி அதோடு கொடுத்துவிடுங்கள்.

அக்காவின் மணிக்கூடுகளில் ஒன்று இப்போது விறாந்தையில் ஓடுகிறது. மற்றவை கட்டிலுக்குக் கீழே. போன மாதம் நான் வெளிக்கிடும்போது, “பின்வளவில குடிபூரல் வருதாம் தம்பி, நீயும் வருவாய்தானே. இதில ஒண்டை எடுத்துக்கொண்டு போவம்” என்றார். வேண்டாம் அக்கா, அங்கே வாளி இருக்கிறதா என்று முதலில் கேட்போம் என்றேன்.