பங்கா முதல் குளிர்சாதனம் வரை

ஆண்டு மலர் என்றால் மன்னர் வரலாறும் புலவர் வரலாறும் இடம்பெறுதல் மரபு. அம்மரபினின்று சிறிது விலகி, பொதுக் கட்டடங்களில் மக்கள் வெம்மை தணித்துக்கொண்ட வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

குளத்தூர்ப் பகுதியினராகிய நமக்கு இதற்குரிய சான்றுகள் அண்மையிலேயே உள. தெற்கே பத்மநாபபுரம் அரண்மனை. 1956-இல் எல்லை பிரிந்தபோது ஊர் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தது. அரண்மனையோ கேரள அரசின் பொறுப்பில் நின்றது. அவ்விந்தை கிடக்கட்டும். சரிந்த ஓட்டுக்கூரை, மரப் பலகணி, உள்முற்றம் இவற்றாலேயே அங்கு நண்பகலிலும் தண்மை நிலவுகிறது. வடக்கே திருவனந்தபுரத்தில், சிசம் என்னும் கட்டடக்கலை வல்லுநர் வகுக்க, 1880-இல் நிறைவுற்ற நேப்பியர் பொருட்காட்சிசாலையும் காற்றோட்டத்தை நம்பியே எழுந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கச்சேரிகளும் அலுவலகங்களும் பெருகியபோது, கட்டட அமைப்பு மட்டும் துரைமார்க்குப் போதவில்லை. பங்கா வந்தது. கூரையினின்று தொங்கும் மரச்சட்டம். அதிற் கட்டிய துணி. அதை அசைக்கும் கயிறு சுவர்த்துளை வழியே உருளைமீது ஓடித் தாழ்வாரத்தை அடையும். அங்கே ஏழை ஒருவர் அமர்ந்து நாள் முழுதும் இழுப்பார். கை சோர்ந்தால் காற்று நிற்கும்; காற்று நின்றால் வசை பிறக்கும். கண்ணயர்ந்த பங்காக்காரரைத் துரைமார் உதைத்ததும், உதையுண்டோர் சிலர் மாண்டதும், உதைத்தவர் சிறு தண்டத்தோடு தப்பியதும் அக்கால நீதிமன்ற வரலாற்றில் உள்ள கறைகள். ஃபார்ஸ்டர் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1924-இல் வெளியிட்ட இந்தியக் கதையில், நீதிமன்றத்துப் பங்காக்காரரை மறவாது காட்டியுள்ளார்.

1882-இல் அமெரிக்கராகிய வீலர் மின்விசிறியைச் செய்தார். கல்கத்தாவில் 1899-இலும் திருவனந்தபுரத்தில் 1929-இலும் மின்வழங்கல் தொடங்கிற்று. மின்சாரம் புகுந்த கட்டடங்களில் கயிறு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. பழுதுற்ற இயந்திரத்தைக் கழித்துப் புதியது பொருத்துதல் எளிது. ஆனால் ஈண்டுக் கழிக்கப்பட்ட பழைய இயந்திரம் மனிதனன்றோ!

இரயில்வேயில் யாம் முதன்முதற் பணியேற்ற அலுவலகம் மிகப் பழையது. எம் மேசைக்கு மேலே சுவரில் வட்டத்துளை ஒன்றிருந்தது. குருவி கூடு கட்டவென்று விட்டதோ எனக் கேட்டோம். மூத்த எழுத்தர் ஒருவர் நகைக்கவில்லை. "என் பாட்டனார் இதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கயிறு இழுத்தவர், தம்பி. விசிறி வந்தது, வேலை போயிற்று," என்றார். ஓய்வூதியம் உண்டா என்று வினவினோம். கூலியாளுக்கு ஏது ஓய்வூதியம்? பின்னர் அவர் தேங்காய் நார் திரித்துப் பிழைத்தாராம். அதுவும் கயிறுதான்.

குளிர்சாதனத்தின் கதை வேறு. 1902-இல் கேரியர் என்பவர் அதனை அமைத்தது மனிதர்க்கன்று. நியூயார்க் அச்சகமொன்றில் தாள் ஈரத்தால் விரிந்து சுருங்காதிருத்தற்பொருட்டு. நம் நாட்டு இரயிலில் 1934-இல் ஃபிராண்டியர் மெயில் வண்டிக்கு அவ்வசதி வந்தபோது, பெட்டியின் அடியில் பனிக்கட்டிகளை அடுக்கி, அவற்றின் குளிரை விசிறியால் உள்ளே செலுத்தினர். வழியிலுள்ள நிலையங்களில் மீண்டும் கட்டிகளை நிரப்பினர். அவற்றைச் சுமந்தவையும் கைகளே.

அம்மூத்தவர் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், எம் அலுவலகத்து மின்விசிறிகளும் தேய்ந்து கிரீச்சிட்டன. அவற்றைக் கழற்றிக் குளிர்சாதனம் பொருத்தினர். சன்னல்களை மூடினர். குளிர் வெளியேறாதிருக்க, அத்துளையையும் சிமெந்திட்டு அடைத்தனர்.