புழக்கடைக் கோழி வளர்ப்பும் குடும்ப நலமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வீட்டை ஒட்டிய வெளியில் சில நாட்டுக்கோழிகளைப் பகலில் மேயவிட்டு, இரவில் கூண்டிலோ பஞ்சாரத்திலோ அடைத்து வளர்ப்பது புழக்கடைக் கோழி வளர்ப்பு எனப்படும். விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்பை ஒட்டி அமைந்த மகாராஜபுரம் போன்ற ஊர்களில் இது பெண்களின் கைச்செலவுக்கும் குழந்தைகளின் புரதத் தேவைக்கும் உதவும் தொழிலாகும். நோயாளி இருக்கும் வீட்டில் கோழி வளர்க்கலாகாது என்பதில்லை. ஆனால் கோழிக்கும் மனிதரின் வாய்க்கும் இடையில் சில தடுப்புகள் இருத்தல் வேண்டும். அவை எவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

கோழிகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள்

*வயிற்றுப்போக்கு.* சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர் ஆகிய பாக்டீரியாக்கள், நலமாகத் தோன்றும் கோழியின் குடலிலும் இருக்கக்கூடும். அவை எச்சத்தின் வழியாக இறகு, கால், முட்டை ஓடு, கூண்டுத் தரை ஆகியவற்றில் படிகின்றன. அங்கிருந்து கைவழியாக வாயை அடைகின்றன. தொற்றிய சில மணி நேரம் முதல் சில நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி தோன்றும். பெரும்பாலோர் ஒரு வாரத்திற்குள் குணமடைவர். ஆனால் கைக்குழந்தைகளிடமும் முதியோரிடமும் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

*பறவைக் காய்ச்சல்.* இந்தியாவில் கோழிகளிடையே இந்நோய் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. மனிதருக்கு இது தொற்றுவது மிக அரிது, தொற்றினால் கடுமையானது. 2021 ஜூலையில் எச்5என்1 தொற்றால் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்த சிறுவன், இரத்தப் புற்றுநோயுடன் அனுமதிக்கப்பட்டிருந்தவன். 2025 மார்ச்சில் ஆந்திரப் பிரதேசத்தில் இதே தொற்றால் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சமைக்காத கோழிக்கறித் துண்டை அக்குழந்தை உண்டதாகத் தெரிவிக்கப்பட்டது.

*மூச்சுக் கோளாறு.* இறகுத் தூசியும் உலர்ந்த எச்சத்தின் தூசியும் ஆஸ்துமாவைத் தூண்டும். கூண்டைச் சுத்தம் செய்த சில மணி நேரத்தில் இருமலும் மூச்சுத்திணறலும் மீண்டும் மீண்டும் வருமாயின் மருத்துவரிடம் கோழி வளர்ப்பதைக் குறிப்பிட வேண்டும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

- ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்
- கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தோர்
- நீரிழிவு, சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உள்ளோர்
- புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், எச்ஐவி தொற்றுடையோர்

இவர்கள் கூண்டைச் சுத்தம் செய்தல், கோழியை அறுத்தல், இறகு பறித்தல் ஆகிய பணிகளைச் செய்யலாகாது. வீட்டில் நலமாக உள்ள பெரியவர் ஒருவர் அவற்றை ஏற்க வேண்டும். கோழிக்குஞ்சைக் குழந்தை கன்னத்தில் வைத்துக் கொஞ்சுவதும் முத்தமிடுவதும் தவிர்க்கப்பட வேண்டும். தவழும் குழந்தை விளையாடும் திண்ணையிலும் முற்றத்திலும் கோழி நுழையாதவாறு தட்டி அல்லது வலையால் தடுக்க வேண்டும்.

கூண்டும் சுற்றுப்புறமும்

- கோழிகளை இரவில் சமையலறையிலோ, நோயாளி உறங்கும் அறையிலோ அடைக்கக் கூடாது. கூண்டு தரையிலிருந்து உயர்ந்தும் காற்றோட்டத்துடனும் இருக்க வேண்டும். பெரிய கோழி ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர அடி இடம் தேவை.
- எச்சத்தைக் கூட்டும் முன் சிறிது நீர் தெளித்தால் தூசி எழாது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கூண்டுப் பணிக்கெனத் தனிச் செருப்பு வைத்திருத்தல் நன்று.
- பசும் எச்சத்தைக் கீரைப் பாத்தியில் நேரடியாக இடாமல், மக்கச் செய்த பின்னரே உரமாக இட வேண்டும்.
- தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும்.
- சிந்திய தானியம் எலியையும், எலி பாம்பையும் ஈர்க்கும். இருட்டில் விளக்கின்றி முட்டை எடுக்கக் கையை நுழைக்க வேண்டாம்.
- கண்மாயில் இறங்கும் நீர்ப்பறவைகளுடன் கோழிகள் கலவாதவாறு, தீவனத்தையும் நீரையும் கூரையின் கீழ் வைக்க வேண்டும்.

கோழியையோ முட்டையையோ தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பினால் குறைந்தது 20 விநாடி கை கழுவ வேண்டும். இப்பக்கத்தில் ஒன்றை மட்டுமே கடைப்பிடிக்க இயலுமாயின், அது இதுவாக இருக்கட்டும்.

முட்டையும் இறைச்சியும்

பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயுடன் பச்சையாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. முட்டை நல்ல உணவே. பச்சையாகக் கொடுப்பதுதான் தவறு. வேகவைத்த முட்டையின் புரதம் பச்சை முட்டையினுடையதைவிட நன்றாகச் செரிக்கிறது. எனவே மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்துக் கொடுப்பது வழக்கத்தின் நோக்கத்தை மேலும் நன்றாக நிறைவேற்றும். விரிசல் கண்ட முட்டையைத் தவிர்க்கவும். கறி வெட்டிய பலகையையும் அரிவாள்மனையையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தலாகாது. கறி, உள்ளே சிவப்பின்றி முழுவதும் வேக வேண்டும்.

நோயுற்ற கோழியை அறுத்து உண்ணலாமா?

கூடாது. ஒரு கோழி தலை தொங்கி நின்றவுடன், செத்து வீணாகும் முன் அறுத்துவிடுவோம் என்று எண்ணுவது இயல்பு. பல மாதம் தீனியிட்டு வளர்த்தவரின் இழப்பு சிறிதன்று. கொதிக்கும் குழம்பில் கிருமி இறந்துவிடும் என்பதும் உண்மையே. ஆயினும் ஆபத்து குழம்பில் இல்லை. அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் உள்ளது. அறுக்கும்போது தெறிக்கும் இரத்தம், இறகு பறிக்கும்போது எழும் நுண்துளி, குடலை நீக்கும் கை ஆகியவற்றின் வழியாகவே கிருமி கண்ணையும் மூக்கையும் அடைகிறது. அந்தப் பணியைச் செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அவருக்கு அருகில் நிற்பது குழந்தை.

வெள்ளைக் கழிச்சல் என வழங்கும் இராணிக்கெட் நோய் மனிதருக்குப் பெரும்பாலும் சில நாள் கண்சிவப்பை மட்டுமே தரும். ஆனால் கோழி எந்த நோயால் சாய்ந்தது என்பதை வீட்டில் கண்டறிய இயலாது. ஆகவே:

- நோயுற்ற கோழியைத் தனியே அடைத்து, கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்கவும்.
- இறந்த கோழியைக் குப்பையிலோ ஓடையிலோ எறிய வேண்டாம். கையில் உறையணிந்து ஆழமான குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கவும்.
- ஒரே சமயத்தில் பல கோழிகள் மடிந்தால், அவற்றைத் தொடாமல் கால்நடை மருத்துவரின் வருகைக்குக் காத்திருக்கவும்.

இவ்விழப்பைத் தவிர்க்கும் வழி தடுப்பூசியே. இராணிக்கெட் நோய்க்குக் குஞ்சின் முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போடப்படும். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது.

கோழிகளுக்கு மனித மருந்து வேண்டாம்

வீட்டில் எஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தீனியில் கலந்து கொடுப்பது, மருந்துக்கு அடங்காத கிருமிகளை உருவாக்கும். மனிதருக்கான கடைசிநிலை மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்திருப்பின், அவர் கூறும் நாட்கள் வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது.

கோழி அம்மையும் சின்னம்மையும் ஒன்றா?

இல்லை. கோழியின் கொண்டையில் கொப்புளமாகத் தோன்றும் கோழி அம்மை மனிதருக்குத் தொற்றாது. மனிதருக்கு வரும் சின்னம்மை மற்றொரு மனிதரிடமிருந்தே வருகிறது.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பேதி தொடங்கியவுடன் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொடுக்கவும். கரைசலை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தவும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கீழ்க்கண்டவை தோன்றினால் தாமதிக்கலாகாது:

- மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, மூன்று நாளைக் கடந்த காய்ச்சல்
- குழந்தை பால் குடிக்க மறுத்தல், கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல்
- நோயுற்ற அல்லது இறந்த கோழியைத் தொட்ட பத்து நாட்களுக்குள் காய்ச்சலுடன் இருமல் அல்லது மூச்சுத்திணறல்
- மேலே குறிப்பிட்ட, கூடுதல் கவனம் தேவைப்படும் எவருக்கேனும் காய்ச்சலோ பேதியோ ஏற்படுதல்

மருத்துவர் கேட்காவிடினும், "எங்கள் வீட்டில் கோழி இருக்கிறது, அண்மையில் சில கோழிகள் இறந்தன" என்று சொல்லவும். பறவைக் காய்ச்சலுக்கான மருந்து, அறிகுறி தோன்றிய முதல் 48 மணி நேரத்தில் நன்கு பயனளிக்கும். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையை விரைவுபடுத்தும்.

உதவிக்கு

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது இராஜபாளையம் அரசு மருத்துவமனையையோ அணுகவும். மருத்துவ ஆலோசனைக்கு 104. அவசர ஊர்திக்கு 108. கால்நடை மருத்துவ உதவிக்கு 1962.