சிகிச்சைச் சூழல் காப்பகம்

சிகிச்சைச் சூழல் காப்பகம் என்பது, வன்முறையாலும் புறக்கணிப்பாலும் மனம் பாதிக்கப்பட்ட சிறாரின் அன்றாட வாழ்வையே சிகிச்சையாக அமைக்கும் விடுதி முறை. ஆலோசகருடன் பேசும் நேரம் இதில் ஒரு பகுதிதான். காலையில் எழுப்புவது, உணவு பரிமாறுவது, சண்டையை விலக்குவது, உறங்க வைப்பது ஆகிய எல்லாமே குணப்படுத்தும் பணியாகக் கருதப்படுகின்றன.

தொடக்கம்

இதன் முன்னோடிகளில் ஒருவர் வியன்னாவைச் சேர்ந்த ஆகஸ்ட் ஐக்ஹார்ன். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், ஓபர்ஹோலாபுருன் என்னும் ஊரில், அகதிகள் தங்கியிருந்த கொட்டகைகளில் சிறார் இல்லம் ஒன்றை நடத்தினார். யாராலும் அடக்க முடியாத 12 சிறுவர்களைத் தனிக்குழுவாக வைத்தார். அவர்களை அடிக்கவோ மிரட்டவோ பராமரிப்பாளர்களுக்கு அனுமதியில்லை. சிறுவர்கள் சன்னல் கண்ணாடிகளை நொறுக்கினர். கதவுகளை உதைத்து உடைத்தனர். சாப்பாட்டு மேசையை விட்டு ஆளுக்கொரு மூலையில் தரையில் குந்தி உண்டனர். அத்தனைக்குப் பிறகும் அடி விழவில்லை. நாளடைவில் அவர்களுடைய ஆத்திரம் அழுகையாக மாறியது. பெரியவர்களிடம் ஒட்டுதல் பிறந்தது. இந்த அனுபவங்களை ஐக்ஹார்ன் 1925இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் சிக்மண்ட் பிராய்ட்.

வளர்ச்சி

ஐக்ஹார்னின் வழியில் வந்த பிரிட்ஸ் ரெடல் அமெரிக்காவில் குடியேறி, 1946இல் டெட்ராய்ட் நகரில் 'பயனியர் ஹவுஸ்' இல்லத்தைத் தொடங்கினார். பணமின்றி இரண்டே ஆண்டுகளுக்குள் அது மூடப்பட்டது. ஆயினும் ரெடலின் ஒரு கருத்து நிலைத்தது: பிள்ளை கொந்தளிக்கும்போது, அதே இடத்தில், உடனிருப்பவரே அதைப் பற்றி அவனுடன் பேசித் தெளிவுபடுத்த வேண்டும். இங்கிலாந்தில் பார்பரா டோக்கர்-டிரைஸ்டேல் 1948இல் நிறுவிய 'மல்பெரி புஷ்' பள்ளி இன்றும் இயங்குகிறது. ஆல்பர்ட் டிரீஷ்மனும் உடன் ஆசிரியர்களும் 1969இல் எழுதிய 'மற்ற 23 மணி நேரம்' என்ற நூல், சிகிச்சை அறைக்கு வெளியே கழியும் பொழுதே பிள்ளையை உருவாக்குகிறது என்று நிறுவி, விடுதிப் பணியாளர்களின் கையேடாயிற்று.

விமர்சனமும் இன்றைய நிலையும்

சிகிச்சை என்ற பெயரில் கொடுமையும் நடந்ததுண்டு. சிகாகோவில் புகழ்பெற்ற பள்ளியை நடத்திய புருனோ பெட்டல்ஹைம் 1990இல் இறந்தபின், அவர் தங்களை அடித்ததாக முன்னாள் மாணவர்கள் சிலர் குற்றஞ்சாட்டினர். மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடப்பதை வெளியார் கண்காணிப்பது இதனால் கட்டாயத் தேவையாகிறது. பிள்ளை வளர வேண்டிய இடம் குடும்பமே என்ற கருத்தும் வலுத்தது. மூன்று வயதுக்கு உட்பட்டோரைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும் என 2009ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் காப்பகத்தைக் கடைசி வழியாகவே கொள்கிறது.

கடைசி வழியாக அங்கு வந்து சேர்பவர்கள், மிகுந்த காயம்பட்ட பிள்ளைகள். ஆகவே அவர்களோடு நாள் முழுவதும் வாழும் பராமரிப்பாளருக்கு நல்ல பயிற்சியும் நிறைவான ஊதியமும் கிடைக்காத காப்பகத்தில் சிகிச்சை நடக்க வழியில்லை.