செல்ஃப் மட்டும் சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை: பேட்டரியை மாற்றும் முன் கார் உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: காரின் சாவியைத் திருப்பியதும் 'விர்ர்' என்ற சீரான ஒலி எழுகிறது. ஆனால் எஞ்சினில் அசைவே இல்லை. இந்நிலையில் பலர் முதலில் சந்தேகிப்பது பேட்டரியைத்தான். சிலர் முழு ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்ற முடிவு செய்துவிடுகின்றனர். உண்மையில் மோட்டார் வேகமாகச் சுழல்கிறது என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் அதற்குச் சென்று சேர்கிறது என்றே பொருள். பெரும்பாலும் பழுது இருப்பது மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொண்டு சேர்க்கும் இணைப்பில்தான். அந்த இணைப்பில் உள்ள ஒரு சிறிய பாகத்தை உரிய நேரத்தில் மாற்றினால், கியர் பாக்ஸையே இறக்க வேண்டிய பெரிய வேலையைத் தவிர்க்கலாம்.

ஸ்டார்ட்டர் மோட்டார் இயங்கும் விதம்

பேச்சு வழக்கில் 'செல்ஃப்' எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டார், பெரும்பாலான கார்களில் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முனையில் பினியன் எனப்படும் சிறிய பற்சக்கரம் உண்டு. எஞ்சினின் ஃப்ளைவீலைச் சுற்றி ரிங் கியர் எனப்படும் பெரிய பல்வளையம் இருக்கும். பினியனில் ஏறத்தாழ 10 பற்களும், ரிங் கியரில் 100-க்கும் மேற்பட்ட பற்களும் இருப்பதால், சிறிய மோட்டாரால் கனமான எஞ்சினைச் சுழற்ற முடிகிறது.

எஞ்சின் இயங்காத நேரங்களிலும், இயங்கத் தொடங்கிய பின்னரும் இவ்விரு பற்சக்கரங்களும் விலகியே இருக்க வேண்டும். சாவியைத் திருப்பும் அந்த ஓரிரு விநாடிகளில் மட்டுமே அவை கோத்துக்கொள்கின்றன. மோட்டாரின் மீது அமைந்துள்ள சோலினாய்டு என்ற மின்காந்தம் தன்னுள் இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டுடன் இணைந்த ஃபோர்க் எனும் கவை, பினியனை ரிங் கியரை நோக்கித் தள்ளுகிறது. தண்டு தன் பயணத்தின் முடிவை எட்டும்போதுதான் மோட்டாருக்கு முழு மின்சாரம் செல்லும் இணைப்பு மூடப்படுகிறது. அதாவது, முதலில் பற்கள் கோக்கும். பின்னர் மோட்டார் சுழலும்.

இந்த வரிசையை அறிந்துகொண்டால் பழுதைத் தேடுவது எளிதாகிறது. மோட்டார் சுழல்கிறது என்றால், சோலினாய்டின் தண்டு தன் பயணத்தை முடித்து மின் இணைப்பை மூடிவிட்டது என்பது உறுதி. எனவே இக்குறிக்குப் பேட்டரி, சாவி சுவிட்ச், ரிலே ஆகியவை காரணமாவது அரிது. பேட்டரி பலவீனமாக இருந்தால் 'டக் டக் டக்' என்ற தொடர் ஒலியோ, மெதுவான சுழற்சியோதான் இருக்கும். வேகமான 'விர்ர்' ஒலி எழாது.

முதலில் உறுதி செய்ய வேண்டியது

பழுதைத் தேடத் தொடங்கும் முன், எஞ்சின் உண்மையிலேயே சுழலவில்லையா என்பதைப் பார்க்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் பானட்டைத் திறந்து சற்று விலகி நின்று எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள கிராங்க் புல்லியையும் பெல்ட்டையும் கவனிக்க வேண்டும். கை, துணி, தலைமுடி ஆகியவை பெல்ட்டின் அருகே செல்லக் கூடாது.

புல்லி அசையவில்லை என்றால் பினியனின் சுழற்சி எஞ்சினைச் சேரவில்லை. புல்லி வழக்கத்தைவிட வேகமாகவும் இலகுவாகவும் சுழன்றால் ஸ்டார்ட்டரில் குறை இல்லை. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்நிலையில் எஞ்சினுக்குள் அழுத்தம் உருவாகாததால் ஒலி ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பினால், சில எஞ்சின்களில் வால்வுகள் வளையும் அபாயம் உண்டு.

ஒலி உணர்த்தும் காரணங்கள்

'டக்' என்ற ஒலியுடன் பினியன் கோத்து, அதன் பின் 'விர்ர்' என்று சுழன்றால், முதல் சந்தேகம் பினியனுடன் இணைந்த ஒருவழிக் கிளட்ச் மீது விழ வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் இந்தத் தொகுதியைப் 'பெண்டிக்ஸ்' என்றே அழைக்கின்றனர். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அதன் வேகம் மோட்டாரைத் தாக்கி உடைத்துவிடாமல் காப்பதே இக்கிளட்சின் பணி. ஒரு திசையில் இது இறுகிப் பிடிக்கும். மறு திசையில் தளர்ந்து சுழலும். உள்ளிருக்கும் உருளைகளும் ஸ்பிரிங்குகளும் தேய்ந்துவிட்டால் பிடிக்க வேண்டிய திசையிலும் வழுக்கும். தொடக்கத்தில் சில நாள்களுக்கு ஒருமுறை, அதுவும் குளிர்ந்த காலை வேளைகளில் மட்டும் வழுக்கும். பின்னர் அது அன்றாட நிகழ்வாகிவிடும்.

'டக்' ஒலியே இல்லாமல் வெறும் சுழற்சி ஒலி மட்டும் கேட்டால், ஃபோர்க் உடைந்திருக்கலாம் அல்லது அதைத் தாங்கும் அச்சு கழன்றிருக்கலாம். பினியன் நகர வேண்டிய தண்டில் துருவோ, உலர்ந்த கிரீஸும் கிளட்ச் தூசியும் கலந்த அழுக்கோ படிந்து, அது தன் இடத்திலேயே சிக்கி நிற்கவும் வாய்ப்புண்டு.

'கர்ர்' என்ற அரைக்கும் ஒலி எழுந்தால், பற்கள் முழுமையாகக் கோக்காமல் முனையோடு முனை உரசுகின்றன. பினியன் அல்லது ரிங் கியரின் பற்கள் தேய்ந்திருப்பது, ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருப்பது, பொருந்தாத மாற்று பாகம் போடப்பட்டிருப்பது ஆகியவை இதற்குக் காரணங்கள்.

சில வேளைகளில் மட்டும் கோக்காமல் போனால் ரிங் கியரைச் சோதிக்க வேண்டும. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது, உள்ளழுத்தம் காரணமாகப் பெரும்பாலும் குறிப்பிட்ட இரு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். எனவே ரிங் கியரின் எதிரெதிரான இரு பகுதிகள் மட்டும் மற்றவற்றைவிட விரைவாகத் தேய்கின்றன. இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மேனுவல் கியர் உள்ள காரில், சமதளமான பாதுகாப்பான இடத்தில், சாவியை எடுக்காமல் இக்னிஷனை மட்டும் அணைத்து, நான்காவது கியரில் வைத்து வண்டியைச் சில அங்குலம் தள்ள வேண்டும். ஃப்ளைவீல் சற்றே நகர்ந்திருக்கும். பின்னர் நியூட்ரலுக்கு மாற்றி மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது ஒவ்வொரு முறையும் எஞ்சின் சுழன்றால், குறை ரிங் கியரில் இருக்கவே அதிக வாய்ப்புள்ளது. தள்ளியும் பயனில்லை என்றால் பெண்டிக்ஸ் மீதான சந்தேகம் வலுக்கிறது.

சாலையில் சிக்கினால்

வெளிவட்டச் சாலையிலோ மேம்பாலத்திலோ இப்பழுது ஏற்பட்டால், அபாய விளக்குகளை ஒளிரவிட்டு, வண்டியை ஓரத்திற்குக் கொண்டுசெல்வதே முதல் வேலை. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். சாவியை ஒரு முறைக்கு 5 விநாடிகளுக்கு மேல் திருப்பிப் பிடிக்காமல், இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை முயலலாம். வழுக்கும் கிளட்ச் சில நேரங்களில் அடுத்த முயற்சியில் பிடித்துக்கொள்ளும். அரைக்கும் ஒலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ரிங் கியரின் பற்களைச் சிதைக்கும்.

மேனுவல் கியர் கார்களை இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்ய இயலும். எஞ்சின் இயங்காத நிலையில் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் உதவியும் குறைவாகவே கிடைக்கும் என்பதால், இறக்கமான சாலையிலும் நெரிசலிலும் இதை முயலக் கூடாது. ஆட்டோமேட்டிக் கார்களை இவ்வாறு ஸ்டார்ட் செய்ய இயலாது. அவற்றை இழுவை வண்டியில் ஏற்றிச் செல்வதே வழி. மோட்டாரைக் கட்டையால் தட்டிப் பார்க்கும் பழைய உத்தி, கார்பன் பிரஷ் தேய்ந்து மோட்டார் சுழலாமல் நிற்கும்போது சில நேரம் உதவும். சுழலும் மோட்டாருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

சாவியை விட்ட பின்னும் மோட்டார் தொடர்ந்து சுழன்றால், சோலினாய்டின் இணைப்புகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். அப்போது தாமதிக்காமல் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான கார்களில் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில் ஃபியூஸ் கிடையாது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரில் ஸ்பானர் வைப்பது தீப்பொறிக்கும் தீக்காயத்திற்கும் வழிவகுக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுப்பதும் உயிருக்கு ஆபத்தானது. உறுதியான தாங்கிகள் அவசியம்.

கழற்றிய ஸ்டார்ட்டரை மேசையில் வைத்து, பேட்டரி இணைப்புக் கொடுத்துச் சுழற்றிக் காட்டி, 'மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது' என்று கூறுவது சில பட்டறைகளில் வழக்கம். இப்பழுதுக்கு அச்சோதனை போதாது. தேய்ந்த ஒருவழிக் கிளட்ச், எஞ்சினின் சுமை ஏறும்போதுதான் வழுக்கும். சுமையில்லாத மேசையில் அது குறையைக் காட்டாது. பினியனைக் கையால் திருப்பும்போது ஒரு திசையில் இலகுவாகவும் மறு திசையில் மோட்டாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டும் சுழல வேண்டும். இரு திசையிலும் தளர்ந்து சுழன்றால் கிளட்ச் கெட்டுவிட்டது. கைச் சோதனையில் தேறினாலும், காரில் வழுக்கியது உறுதி என்றால் அதை மாற்றுவதே சரி.

பெண்டிக்ஸைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்துக் கழுவவும் கூடாது. ஆலையில் உள்ளே அடைக்கப்பட்ட கிரீஸ் கரைந்து, நல்ல கிளட்சும் விரைவில் பழுதாகும். உலர்ந்த துணியால் துடைத்து, தண்டில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசினால் போதும்.

ஸ்டார்ட்டர் வெளியே இருக்கும்போதே, அதன் துளை வழியாக ரிங் கியரையும் பார்த்துவிட வேண்டும். ஒரு பல்லில் சுண்ணாம்புக் கோடிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டை ஸ்பானரால் மெல்லத் திருப்பி, முழுச் சுற்றையும் ஆராயலாம். இச்சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். இதைச் செய்யாமல் புதிய பெண்டிக்ஸைப் பொருத்தினால், சேதமுற்ற ரிங் கியர் புதிய பினியனையும் விரைவில் தேய்த்துவிடும். ரிங் கியரை மாற்றக் கியர் பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலைக் கழற்றி, புதிய வளையத்தைச் சூடாக்கி விரிவடையச் செய்து ஏற்ற வேண்டும். செலவும் நேரமும் பல மடங்காவது இங்குதான்.

பெங்களூருவும் ஸ்டார்ட்டரும்

எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றி ஸ்டார்ட் செய்த காலத்தில், கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிவது அரிதான நிகழ்வன்று. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1911-இல் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் இடம்பெற்று அந்நிலையை மாற்றியது. பட்டறைகளில் இன்றும் புழங்கும் 'பெண்டிக்ஸ்' என்ற சொல், பினியன் தானே முன்னேறிக் கோக்கும் அமைப்பைப் பரவலாக்கிய வின்சென்ட் பெண்டிக்ஸின் பெயரிலிருந்து வந்தது. இந்தியாவில் சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் நிறுவனமும், பெங்களூரு நாகநாதபுரத்தில் பாஷ் நிறுவனத்தின் பிரிவாக இருந்து 2018-இல் எஸ்இஜி ஆட்டோமோட்டிவ் எனப் பெயர் மாறிய நிறுவனமும் ஸ்டார்ட்டர் மோட்டார் தயாரிப்பில் முக்கிய இடம் வகிக்கின்றன.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. சாலையில் பெண்டிக்ஸைத் தனியாகவே வாங்க முடியும். காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது தவறாக முடியலாம். ஒரே மாடல் காரில் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு தயாரிப்பாளரின் ஸ்டார்ட்டர் இருக்கக்கூடும். மோட்டாரின் மீதுள்ள பாக எண், பினியனின் பற்களின் எண்ணிக்கை, சுழலும் திசை ஆகிய மூன்றையும் பழைய பாகத்துடன் ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

இந்நகரின் கார் உரிமையாளர்கள் மழைக்காலத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 2022 செப்டம்பர் மாதம் பெய்த கனமழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை உள்ளிட்ட பகுதிகளில் வாகன நிறுத்தங்களில் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. பல கார்களில் ஸ்டார்ட்டர் தாழ்வான இடத்தில் இருப்பதால், எஞ்சினுக்குள் நீர் புகாத அளவு வெள்ளத்திலும் அது நனைந்துவிடுகிறது. அப்போது தண்டில் படியும் சேறும் துருவும், பல வாரங்கள் கழித்து, பினியன் நகராமல் சிக்கும்போதே தெரியவரும். நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்காமல், முதலில் பட்டறைக்கு இழுத்துச் சென்று, மற்றச் சோதனைகளுடன் ஸ்டார்ட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்வது நல்லது. எஞ்சினின் பின்புற ஆயில் சீலில் கசிவு இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். கசியும் எண்ணெய் பினியனில் படிந்து தூசியைச் சேர்க்கும்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், மாற்றிய பாகத்தின் எண் குறிப்பிடப்பட்ட ரசீதைப் பெறுவதும் அவசியம். தேவையற்ற பாகங்கள் மாற்றப்பட்டதாகவோ, சேவையில் குறைபாடு இருப்பதாகவோ கருதுவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தொடர்புகொள்ளலாம்.