மஞ்சள் பஸ்ஸிலிருந்து டீசல் இறங்கிய கதை

அமெரிக்கப் பள்ளி பஸ்ஸுக்கு மஞ்சள் நிறம் வந்தது 1939இல். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில், விடிந்தும் விடியாத வெளிச்சத்திலும் பஸ்மேல் எழுதிய கறுப்பு எழுத்து தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகள்மேல் அத்தனை அக்கறை. ஆனால் பின்னாளில் டீசல் எஞ்சின் வந்து உட்கார்ந்தபோது, பஸ்ஸுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி வெகுகாலம் யாரும் கேட்கவில்லை.

கேட்டது 2001இல். கலிபோர்னியாவில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் சிலர் பழைய டீசல் பள்ளி பஸ்களை வாடகைக்கு எடுத்து, கருவிகளோடு ஏறி உட்கார்ந்து, வழக்கமான தடங்களில் ஓட்டி அளந்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால் போகும் காரில் இருப்பதைப்போல நான்கு மடங்கு வரை டீசல் புகை பஸ்ஸுக்குள் இருந்தது. கடைசி இருக்கைகளில்தான் அதிகம், அதுவும் ஜன்னலை மூடியிருந்தால். புகை வருகிறதே என்று நாம் முதலில் செய்வது ஜன்னலை மூடுவதுதானே! அந்த பஸ்ஸின் புகை அந்த பஸ்ஸுக்குள்ளேயே புகுந்து தங்கியது. வளரும் நுரையீரலுக்கு இதைவிடக் கெடுதல் வேண்டுமா? 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகவே அறிவித்தது.

2014இல் கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் பள்ளி மாவட்டத்தில் பேட்டரி பஸ் ஓடத் தொடங்கியது. விலைதான் மலைக்க வைத்தது. டீசல் பஸ்ஸைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை அளவை மறைத்து கார் விற்ற வோக்ஸ்வாகன் கட்டிய இழப்பீட்டில் ஒரு பங்கு இதற்கு வந்து சேர்ந்தது. 2021ஆம் ஆண்டின் அமெரிக்க உள்கட்டமைப்புச் சட்டம் பள்ளி பஸ்களை மாற்ற 500 கோடி டாலர் ஒதுக்கியது.

பேட்டரிக்கென்றே பிறந்த வண்டி பள்ளி பஸ் என்பேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவே மணிக்கணக்கில் சும்மா நிற்கும். கோடை விடுமுறையில் மாதக்கணக்கில். 2024இல் ஓக்லாந்து நகரப் பள்ளி மாவட்டம் தன் 74 பஸ்களையும் மின்சாரத்துக்கு மாற்றியது. அவற்றில் போகிறவர்கள் பெரும்பாலும் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள். நிற்கிற நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் அந்த பஸ்கள், ஊருக்குத் தேவை கூடும்போது பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன.

நாடெங்கும் ஓடும் ஏறக்குறைய 5 லட்சம் பள்ளி பஸ்களில் மிகப் பெரும்பாலானவை இன்னும் டீசல்தான். குளிர்காலக் காலைகளில் அவற்றின் கடைசி வரிசைப் பிள்ளைகள் ஜன்னலை இறுக்கி மூடிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள்.